பல்கலைக்கழக ஊரில் தவறணை

ஒவ்வொரு வருடமும் திருநெல்வேலிக்குப் புதிதாய் வந்து சேரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவருக்கு, எந்த வீட்டில் அறை கிடைக்கும், எந்தக் கடையில் மத்தியானச் சாப்பாடு மலிவு, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பரமேஸ்வராச் சந்தியில் எந்தப் பக்கம் நின்றால் எந்த பஸ் வரும் என்பனவற்றையெல்லாம் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் பொழுது சாய்ந்தபின் இந்தப் பிரதேசத்தில் மது எங்கே விற்கப்படுகிறது, அங்கே இருந்து குடிப்பவர் யார், கலயத்தில் இருப்பது என்ன, அதைப்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்ற விஷயத்தில் மாத்திரம் பெற்றோரும் ஆசிரியரும் பத்திரிகைகளும் ஒருமித்து மௌனம் சாதிக்கிறோம். இந்த மௌனம் பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காக்கிறது என்பது நமது நம்பிக்கை. என் அபிப்பிராயத்தில் அது காப்பது நமது கௌரவத்தை மாத்திரமே. வழிகாட்டும் பொறுப்பையோ அது, அதற்குச் சற்றும் தகுதியற்ற சில மூத்த மாணவர் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

மேனாட்டுப் பல்கலைக்கழக நகரங்களில் மதுச்சாலைகளைப் பற்றி மாணவருக்கென்றே கைநூல்கள் எழுதப்படுகின்றன. கேம்பிரிட்ஜில் 'ஈகிள்' என்னும் பழைய மதுச்சாலையில், 1953ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து ஒரு மத்தியானத்தில், உயிரின் இரகசியமாகிய மரபணுக் கட்டமைப்பைத் தாமும் வாட்சனும் கண்டுபிடித்துவிட்டதாக விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் அறிவித்தார் என்பது அவ்வூர் பெருமையோடு சொல்லும் கதை. ஒக்ஸ்போர்டில் எழுத்தாளர்களான தோல்கீனும் லூயிசும் அவர்களுடைய சகபாடிகளும் ஒரு மதுச்சாலையின் பின்னறையில் கூடித் தங்கள் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றித் தர்க்கித்தார்கள். அங்கே மதுச்சாலை என்பது முதலில் உட்கார்ந்து பேசும் இடம், கிண்ணம் இரண்டாவது. நமது நகரத்து 'பார்'களில் பேச்சுக்கு இடமில்லை. கதவுக்குத் திரை, உள்ளே மங்கலான வெளிச்சம், தெரிந்தவர் கண்ணில் படுமுன் விழுங்கிவிட்டு வெளியேற வேண்டுமென்ற அவசரம் ஆகிய இவை மூன்றும் சேர்ந்தால், மெதுவாக ஒரு கிண்ணத்தோடு நிறுத்தக்கூடியவனும் மூன்றைக் குடித்துவிட்டு எழுவான். வெட்கம் குடியைக் குறைக்கும் என்று நம்புகிற நாம் இதைக் கவனிப்பதில்லை.

மேனாட்டார் எழுதுவதுபோன்ற கைநூல் ஒன்றை நாம் எழுத முடியாது, எழுதவும் கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. மதுவை விளம்பரப்படுத்துவதையும் தடுக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, அனுமதிக்காகக் காத்திருந்து, இருபது வயதளவில் பல்கலைக்கழகத்துள் நுழையும் முதலாம் வருட மாணவர் பலரைப் பொறுத்தவரை, அவர்களுக்கு மது விற்கும் கடைக்காரன் குற்றவாளி என்ற எளிய உண்மையைக்கூட யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஆகவே இக்கட்டுரையில் நம் ஊர் மதுச்சாலை எதன் பெயரும் இராது. ஆயினும், ஒரு பொருளைப் புகழ்வது வேறு. அதைப்பற்றி உள்ளதை உள்ளபடி அறிவிப்பது வேறு.

யாழ்ப்பாணத்தில் அந்த அறிவிப்பு கள்ளிலிருந்துதான் தொடங்க வேண்டும். வருடத்தின் முற்பாதியில், பனையில் பாளை வெளிப்பட்ட காலந்தொட்டு, தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு காலையும் மாலையும் மரமேறும் தொழிலாளி, ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியைப் பூவிதழ் கனத்துக்கு மாத்திரம் சீவிவிட்டு, அதன்கீழ் முட்டியைக் கட்டி இறங்குகிறான். சீவல் சற்றுத் தடித்தால் பாளை வீணாய்ப் போகும். மெலிந்தால் சாறு வராது. இந்த அளவை எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்குக் கற்பித்ததில்லை. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் பழைய முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றின் இனிப்பைச் சில மணி நேரத்துக்குள் மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. விடியற்காலையில் இறக்கியது இனிக்கும். வெயில் ஏற ஏற அதில் நுரையும் புளிப்பும் கூடும். மறுநாளைக்கு வைத்தால் வினாகிரியின் பக்கம் சாயும். பொதுவாக நூற்றுக்கு நாலைந்து பங்கே மதுசாரம் கொண்ட இந்தப் பானத்துக்கும், அதைப்போல ஏழெட்டு மடங்கு வீரியமுள்ள சாராயத்துக்கும் உள்ள வேற்றுமையை அறியாமல், இரண்டையும் ஒரே அளவாய்க் குடிக்கத் துணிகிற பையன்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்றால், அந்த அறியாமைக்கு அவர்கள் மாத்திரம் பொறுப்பாளிகள் அல்லர்.

கிராமத்துக் கள்ளுத் தவறணையில் இன்றும் சில இடங்களில் கள்ளைப் பிளாவில் வார்ப்பதைக் காணலாம். பனையோலையை அகலமாய் மடித்து, இரு தலைப்பையும் முடிந்து, தோணி வடிவில் ஆக்கிய அந்தப் பாத்திரத்தை இரு கையாலும் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும். பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் கடலையோ பொரித்த மீனோ இருக்கும். அங்கே வாங்கில் இருப்பவர்கள் காலையிலிருந்து தோட்டத்திலோ கடலிலோ மேசன் வேலையிலோ முதுகொடித்து வந்தவர்கள். பல்கலைக்கழக மாணவன் அங்கே போவானாயின், அது பிறருடைய இளைப்பாறும் இடம் என்ற உணர்வோடு போக வேண்டும். கைத்தொலைபேசியை உயர்த்தி அவர்களைப் படம் பிடிக்கப் போகக்கூடாது. இந்த ஓர் உபதேசத்தை மாத்திரம் நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

இத்தொழிலின் பின்னே ஒரு கசப்பான சரித்திரம் உண்டு. பனையின் பயனைச் சமுதாயம் முழுவதும் அனுபவிக்க, பனையில் ஏறினவனை மாத்திரம் கோயிலுக்கு வெளியிலும் கிணற்றுக்கு அப்பாலும் நிறுத்திவைத்த ஊர் இது. தேநீர்க் கடையில் அவனுக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கிய பின்பும் வழக்கம் மாறாமையால், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட வேண்டியதாயிற்று. எழுபதுகளில் கள்ளிறக்கும் தொழிலாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, தவறணைகளைக் குத்தகைக்காரர் கையிலிருந்து தம் கைக்கு மாற்றிக்கொண்டதும், பின்னர் அவர்களுடைய சாற்றிலிருந்து திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடிக்கப்பட்டதும் அந்த நீண்ட போராட்டத்தோடு சம்பந்தப்பட்டவையே. ஒரு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் தவறணையில் கொடுக்கும் காசு மரமேறியவனுடைய வீட்டுக்குப் போய்ச் சேர வழியுண்டு. நகரத்துத் திரைக்குப் பின்னால் கொடுக்கும் காசுக்கு அந்த வழி கிடையாது. சமூகவியலும் பொருளியலும் படிக்கும் மாணவர் இந்த வேற்றுமையை ஆராய்ந்து எழுதினால் அது பட்டத்துக்குத் தகுந்த விஷயமாகும்.

மாணவிகளின் நிலை இன்னொன்று. பெண்களுக்கு மது விற்கக்கூடாதென்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களுக்குள்ளேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் செய்தார். பெண்கள் குடிக்க வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. ஒரே வகுப்பில், ஒரே பரீட்சை எழுதும் இருவரில் ஒருத்தியை மாத்திரம் சட்டம் சிறுபிள்ளையாகக் கருதுவது நியாயமன்று என்றே சொல்கிறேன்.

மூத்த மாணவரின் வழிகாட்டல் எத்தகையது என்பதை விடுதி அறைகளில் இருந்தவர் அறிவர். பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல் நிறைவேறிய பின்பும், புதியவன் ஒருவனைச் சுற்றி நின்று, குடிக்காவிட்டால் அவன் ஆண்மகனல்லன் என்று பரிகசித்து, கிண்ணத்தை வாயில் வைக்கும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. மகாபொல உதவிப்பணத்தில் மாதம் ஓட்டுகிற ஏழைப் பையன், சாராயம் போத்தல் ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறிவிட்ட இந்நாளில், தன் பங்குக் காசு கொடுக்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கப்படுகிறான். காசு போதாதபோது கள்ளச்சாராயமான கசிப்பின் பக்கம் நகர்கிறார்கள். கசிப்பில் என்ன கலந்திருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது. 2024 ஆனி மாதத்தில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதைப் பத்திரிகையில் படித்தோம். மாண்டவர் பெரும்பாலும் மலிவானது என்பதற்காகவே அதை வாங்கிய கூலியாட்கள். மெதனோல் உயிரைப் பறிக்காதபோது கண்ணைப் பறிக்கும். குடித்தவனுக்குப் பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி விடியும்வரை அறையில் படுக்கவைத்திராமல், அக்கணமே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவனும் மாணவியும் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். யார் சொல்லியிருக்கிறோம்?

மௌனம் நமது பழைய மரபு என்று கருதுவோர் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நலம். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், மதுவைப்பற்றி மேடைகளில் பகிரங்கமாகப் பேசிற்று. அந்தக் காங்கிரஸின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், இங்கே மதுவிலக்கைப் பற்றியும் பேசினார். ஊரார் வாக்களித்துத் தவறணைகளை மூடுவதற்குச் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. எந்தத் தவறணை எங்கே இருக்கிறது, அது எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்பதெல்லாம் சந்தி சந்தியாக விவாதிக்கப்பட்டது. அவர்களுடைய முடிவோடு நாம் உடன்படலாம், முரண்படலாம். நான் முழுமையாக உடன்படுகிறவன் அல்லேன். ஆனால் அந்த மாணவர் விஷயத்தை மூடிவைக்கவில்லை. அறிந்து எதிர்த்தார்கள்.

இவ்வளவையும் மயிலிட்டியிலிருந்து எழுதுகிறேன். 1990 ஆனியில் போரினால் இடம்பெயர்ந்து, இருபத்தேழு வருடங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்து, 2017 ஆடியில் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டபோது கரையை மறுபடியும் மிதித்த மக்களின் ஊர் இது. இப்போது சனி ஞாயிறு மாலைகளில் நகரத்துப் பக்கத்திலிருந்து இளைஞர் கூட்டங்கூட்டமாக மோட்டார் சைக்கிளில் இந்தக் கடற்கரைகளுக்கு வருகிறார்கள். கடலைப் பார்க்க வருபவரை யார் வேண்டாமென்பார்? ஆயினும் திங்கட்கிழமை அதிகாலையில் வலை இழுக்கப் போகிறவன் வெறுங்காலோடு மணலில் இறங்கும்போது, உடைந்த போத்தலின் அடிப்பாகம் கூர் மேலாய்ப் புதைந்து கிடக்கிறது. நான்கு விரல் அகலமுள்ள பச்சைக் கண்ணாடி. உப்பும் மணலும் ஒட்டி, பார்வைக்குச் சிப்பி என்றே தோன்றும். குதிகால் பிளந்தவன் இரண்டு கிழமைக்குத் தொழிலுக்குப் போக முடியாது. போத்தலை உடைத்தவர் மாணவரா, வேறு எவரா என்று நான் விசாரித்ததில்லை, விசாரிப்பதால் பயனுமில்லை. இருட்டில், ஒளிந்து, பொலிஸ் வருமுன் முடிக்க வேண்டுமென்ற பரபரப்பில் குடிப்பவர்களே போத்தலை எறிந்துவிட்டுப் போகிறார்கள் என்பது மாத்திரம் நிச்சயம். திரும்பிப் போகும்போது பலாலி வீதியின் இருட்டில் அதே பரபரப்போடு மோட்டார் சைக்கிளை முறுக்குவதும் அவர்களே.

இளைஞன் தேடுவது பெரும்பாலும் மதுவை அன்று. வீட்டுக்காரர் படலையைச் சாத்திவிட்ட பின்பு, நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து தேநீரோ வேறெதுவோ குடித்துக்கொண்டு, பரீட்சையையும் அரசியலையும் சினிமாவையும் பற்றித் தர்க்கிக்க ஓர் இடத்தைத் தேடுகிறான். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் இரவு ஏழு மணிக்குப் பின் அப்படி இருக்கத்தக்க இடங்கள் மிகச் சொற்பம். மாணவிகள் கூச்சமின்றி இருக்கத்தக்கவை அதிலும் சொற்பம். வேறு இடமில்லாத ஊரில் 'பார்' தன் தகுதிக்கு மேற்பட்ட கவர்ச்சியைப் பெற்றுவிடுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் மாணவரின் மாலைப்பொழுது இதனினும் வெறுமையானது. அவர்களில் கணிசமானோர் தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் என்பதையும், அவர்களுக்கு இங்கே உற்றார் வீடுமில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. முதலாவது, புதுமுக மாணவருக்கான முதல் வார நிகழ்ச்சியில், ஒரு வைத்தியரையும் ஒரு சட்டத்தரணியையும், முடியுமாயின் தவறணை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒரு சீவல் தொழிலாளியையும் மேடையில் இருத்தி, வயதெல்லை, மதுசார அளவு, கசிப்பின் அபாயம், வற்புறுத்துபவனைப் பற்றி எங்கே முறையிடுவது ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பல்கலைக்கழகக் கன்ரீனையும் ஒரு வாசிப்பு மண்டபத்தையும் இரவு பத்து மணிவரை விளக்கேற்றித் திறந்து வைத்து, மாணவிகள் விடுதிக்குத் திரும்ப ஒரு பஸ்ஸையும் ஒழுங்கு செய்ய வேண்டும். இரண்டாவதற்குப் பணம் வேண்டுமென்பார்கள், வேண்டியதுதான். முதலாவதற்கு ஒரு மத்தியானப் பொழுதும் சில நாற்காலிகளும் போதும். அடுத்த தொகுதி மாணவர் வருமுன்பே அதை ஒழுங்கு செய்துவிடலாம்.