மூன்று நீள்வட்டங்களும் ஓர் எஸ் எழுத்தும்: பிடதியில் பிறக்கும் கார் யாருடையது?

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் நெடுஞ்சாலையில் தட்டு இட்லிக்குப் பெயர்பெற்ற ஊர் பிடதி. அங்குள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் நிறுவனத்தின் ஆலையில் 2022 ஆகஸ்டு மாதம் இரண்டு கார்களின் உற்பத்தி தொடங்கியது. ஒன்று டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர். மற்றொன்று மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா. இரண்டிற்கும் அடித்தளம் ஒன்றே. கார் உருவாக்கம் சுசூகியுடையது. மைல்டு ஹைபிரிட் எந்திரம் சுசூகியிடமிருந்தும், ஸ்ட்ராங் ஹைபிரிட் அமைப்பு டொயோட்டாவிடமிருந்தும் வந்தன. பூட்டி முடித்தவர்கள் பிடதித் தொழிலாளர்கள். முகப்பும் விளக்குகளும் சில அலங்காரங்களும் மட்டுமே மாறின. ஒரு காரின் நெற்றியில் மூன்று நீள்வட்டங்கள் ஏறின. மற்றொன்றின் நெற்றியில் எஸ் என்ற ஆங்கில எழுத்து ஏறியது.

கார் நிறுவனங்களின் இலச்சினை வரலாறு பெரும்பாலும் வடிவத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த வளைவு சேர்ந்தது, எந்த நிறம் நீங்கியது, எந்தக் கோட்டுக்கு என்ன தத்துவம் என்று பட்டியல் நீளும். வடிவமைப்புத் துறை மாணவர்களின் ஆய்வேடுகளும் இந்தத் தடத்திலேயே நடக்கின்றன. ஆனால் ஓர் இலச்சினை முதலில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு: இந்தப் பொருளை யார் செய்தார், இது பழுதானால் யார் பொறுப்பு? பிடதியில் இவ்விரு வினாக்களும் ஒன்றைவிட்டொன்று விலகிவிட்டன. செய்தவரை மறைத்து, பொறுப்பேற்பவரை மட்டும் காட்டும் குறியாக இலச்சினை மாறிவிட்டது. வடிவத்தைப் படிப்பதோடு நின்றுவிடும் ஆய்வு இந்த மாற்றத்தைக் காணவே முடியாது.

டொயோட்டாவின் கதையிலிருந்தே இதைத் தொடங்கலாம். தானியங்கித் தறிகளைக் கண்டுபிடித்த சகிச்சி டொயோடாவின் குடும்பத் தொழிலிலிருந்து பிறந்தது அந்த நிறுவனம். அவருடைய மகன் கிச்சிரோவின் முனைப்பால் 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே மோட்டார் பிரிவு தொடங்கியது. 1936இல் இலச்சினைக்காகப் பொதுப் போட்டி அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 27,000 வடிவங்கள் வந்து குவிந்தன. தேர்வானது, ஜப்பானியக் கதகானா எழுத்துகளை ஒரு வட்டத்துக்குள் அமைத்த வடிவம். அதில் எழுதப்பட்டிருந்த பெயர் 'டொயோடா' அன்று, 'டொயோட்டா'. குடும்பப் பெயரைக் கதகானாவில் எழுதப் பத்துக் கோடுகள் தேவை. புதிய பெயருக்கு எட்டுக் கோடுகள் போதும். எட்டு ஜப்பானியருக்கு நற்பேறு தரும் எண். ஒலியும் தெளிவாக இருந்தது. இவற்றோடு நிறுவனம் சொல்லும் இன்னொரு காரணமும் உண்டு: ஒரு குடும்பத்தின் தொழில் சமூகத்தின் தொழிலாக மாறுவதைப் பெயர் மாற்றம் உணர்த்தியது. 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் தனி நிறுவனமானது. செய்தவரின் பெயரிலிருந்து குறி விலகிய முதல் அடி அதுவே எனலாம்.

இன்று உலகம் அறிந்த மூன்று நீள்வட்டங்கள் 1989 அக்டோபரில் வந்தவை. அவற்றை உருவாக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட சிக்கல் நடைமுறை சார்ந்தது: தொலைவிலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், முன்னால் செல்பவரின் பின்நோக்குக் கண்ணாடியில் தெரியும்போதும் மாறாமல் இருக்க வேண்டும். கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டும் என்பதால் இடமும் வலமும் ஒத்த வடிவமே அதற்குத் தீர்வு. கோட்டின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவது ஜப்பானியத் தூரிகை மரபை நினைவூட்டும். சாலையின் தேவையையும் நாட்டின் கலை மரபையும் ஒரே கோட்டில் இணைத்த அந்த உழைப்பு மதிக்கத்தக்கது.

வடிவத்துக்கு நிறுவனம் தரும் விளக்கம்தான் ஆராயத்தக்கது. உள்ளே குறுக்கிடும் இரு நீள்வட்டங்களில் ஒன்று வாடிக்கையாளரின் இதயம், மற்றொன்று நிறுவனத்தின் இதயம். இரண்டும் சேர்ந்து டி என்ற எழுத்தாகின்றன. வெளி நீள்வட்டம் டொயோட்டாவை அரவணைக்கும் உலகம். அழகான உரை. ஆனால் அந்த உலகத்துக்குள் இரண்டு இதயங்களுக்கே இடம் இருக்கிறது. காரைப் பூட்டும் கையின் உடைமையாளர் எங்கே? நிறுவனத்தின் இதயத்துக்குள் அவரும் அடக்கம் என்று பதில் வரலாம். பிடதியில் 2014 மார்ச்சிலும் 2020 நவம்பரிலும் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே மூண்ட மோதல்கள் கதவடைப்பு வரை சென்றன. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். கதவு அடைபட்ட நாள்களில் அந்த இரு தரப்பினரையும் ஒரே இதயம் என்று படிக்க இயலாது என்பது மட்டும் தெளிவு. சின்னத்துக்கு உரை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் தமக்கு வசதியானவர்களையே அதற்குள் காண்கிறார்.

பெங்களூருவில் இந்த வரலாற்றுக்கு இன்னொரு இழையும் உண்டு. டொயோட்டா குழுமம் கிர்லோஸ்கர் குழுமத்தோடு இங்கே முதலில் கைகோத்தது காருக்காக அன்று. 1995இல் நூற்பு இயந்திரங்கள் செய்வதற்காக இரு குழுமங்களும் பெங்களூரு வட்டாரத்தில் கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. கார் நிறுவனம் 1997இல் வந்தது. பிடதியில் குவாலிஸ் உருளத் தொடங்கியது அதன் பின்னர்தான். ஜப்பானில் எந்த வரிசையில் நடந்ததோ, அதே வரிசையில் கர்நாடகத்திலும் நெசவுத்தொழில் இயந்திரத்தைத் தொடர்ந்தே கார் வந்தது. இரும்புக் கலப்பையில் தொழிலைத் தொடங்கிய கிர்லோஸ்கர் குடும்பத்துக்கும் பழைய மைசூரு அரசின் தொழில் வரலாற்றில் இடமுண்டு. ஹரிஹரில் இயங்கிய மைசூர் கிர்லோஸ்கர் இயந்திரக் கருவி ஆலை அதற்குச் சான்று. ஆயினும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் உள்ள கிர்லோஸ்கர் என்ற பெயரைக் காரின் முகப்பில் உள்ள இலச்சினை சொல்வதில்லை.

சுசூகியின் தொடக்கமும் தறிதான். மிச்சியோ சுசூகி 1909இல் ஹமமட்சுவில் தறி ஆலை தொடங்கினார். இன்றைய எஸ் இலச்சினைக்கு மூல வடிவம் 1958இல் ஏற்கப்பட்டது. இந்தியாவில் அந்த எழுத்து மாருதி என்ற பெயரோடு சேர்ந்து நடுத்தரக் குடும்பத்தின் முதல் காருக்கு அடையாளமாயிற்று. ஒரே வகைத் தொழிலில் பிறந்து போட்டியாளர்களாக வளர்ந்த இவ்விரு நிறுவனங்களும் 2018 மார்ச்சில் இந்தியச் சந்தைக்காகக் கார்களை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ள உடன்பட்டன. 2019 ஜூனில் சுசூகி பலேனோ, டொயோட்டா கிளான்சா ஆயிற்று. 2023 ஜூலையில் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோ ஆயிற்று. நெற்றிப் பொட்டை மாற்றிக்கொண்டு ஒரே பிள்ளை இரு வீடுகளிலும் வளர்வது போன்ற ஏற்பாடு.

இந்த ஏற்பாடு வாங்குபவருக்கு என்ன செய்தது? கிளான்சா வந்தபோது டொயோட்டா அதற்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் உத்தரவாதம் அளித்தது. அந்நாளில் பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். உலோகத்தில் வேறுபாடு இல்லை, வாக்குறுதியில் இருந்தது. அதாவது, வாங்கியவர் கூடுதலாகப் பெற்றது பொறுப்பேற்பவரின் சொல்லை. இது இலச்சினையின் புதிய இயல்பை மிகத் துல்லியமாகக் காட்டும் சான்று. இலச்சினை இங்கே உற்பத்தி முத்திரை அன்று, பிணைக் கையெழுத்து.

பழுது வந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. 2023 ஜனவரியில் காற்றுப்பை கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்று மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பலேனோவும் கிராண்ட் விட்டாராவும் அடங்கும். அதே நாள்களில் டொயோட்டா 1,390 கிளான்சா, ஹைரைடர் கார்களைத் திரும்ப அழைத்தது. கருவி ஒன்று, குறை ஒன்று, அறிவிப்புகள் இரண்டு. ஓர் இலச்சினையின் அறிவிப்பை மட்டும் படித்தவர், மற்றோர் இலச்சினையின் கீழ் ஓடும் தம் காருக்கும் அது பொருந்தும் என்று எப்படி அறிவார்? இரு நிறுவனங்களும் தத்தம் கடமையைச் செய்தன என்பது உண்மை. எனினும், இரு குறிகளின் உறவை அறிந்தவருக்கு மட்டுமே முழுச் செய்தியும் கிடைத்தது.

பண்டைய தமிழகத்தின் குறிகள் இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள உதவும். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை பொதுவாகப் பானைக்கு உடையவரின் பெயர்களாகக் கருதப்படுகின்றன. வனைந்தவரின் பெயர்களாக அல்ல. புகார்த் துறைமுகத்தில் சுங்கம் கொண்ட பொதிகள்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது அரசின் சான்று. அதே நகரில் வணிகர்தம் பெயர் எழுதிய பொதிகளைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அது சரக்குக்கு உரியவரின் குறி. உடைமை, ஆட்சி, வணிகம் என மூவகைக் குறிகள் இருந்தும், வனைந்தவர், நெய்தவர், அடித்தவர் பெயர் எதிலும் எளிதில் தென்படுவதில்லை. செய்தவர் மறைவது இன்று தொடங்கிய செயலன்று. அக்குறிகளைக் கண்டவர்கள் அவற்றைச் செய்தவரின் பெயர் என்று நம்பவைக்கப்படவில்லை என்பதே வேறுபாடு. புலியைப் பார்த்து 'இதைச் சோழர் நெய்தார்' என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மூன்று நீள்வட்டங்களைப் பார்ப்பவர் 'இது டொயோட்டா செய்த கார்' என்றே எண்ணுகிறார்; விளம்பரமும் அவரை அவ்வாறே எண்ணவிடுகிறது.

சட்டம் இந்த ஏற்பாட்டுக்குத் தடை சொல்வதில்லை. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், ஒருவரின் பண்டத்தை மற்றவரின் பண்டத்திலிருந்து பிரித்துக் காட்டும் குறியையே வணிகக் குறி என்கிறது. பண்டத்துக்கும் குறியின் உரிமையாளருக்கும் வணிகத் தொடர்பு இருந்தால் போதும். அவரே அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குறியின் ஆற்றல் மக்களின் மனத்தில்தான் இருக்கிறது என்பதையும் இந்திய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரையஸ் என்ற பெயருக்காக டொயோட்டா தொடுத்த வழக்கில், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிரையஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ் என்ற இந்திய உதிரிபாக நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உலகப் புகழ் மட்டும் போதாது. உரிய காலத்தில் இந்தியச் சந்தையில் அப்பெயருக்கு நன்மதிப்பு இருந்ததற்குச் சான்று வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். குறியின் மதிப்பை இந்நாட்டு மக்களின் அறிவே தீர்மானிக்கிறது என்றால், அந்த அறிவை நிறைவாக்குவதும் குறியின் உரிமையாளருக்குக் கடமையாகிறது.

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. ஒருவர் வடிவமைத்ததை மற்றவர் தம் பெயரில் விற்பது உலகெங்கும் பழகிய வழக்கம். ஆலைச் செலவு குறைகிறது, தொழில்நுட்பம் பரவுகிறது, வாங்குபவருக்குத் தேர்வு கூடுகிறது. பயன்களை மறுக்க வேண்டியதில்லை. பிடதி ஆலைக்கு வேலை கூடுதலாகக் கிடைத்ததும் அப்பயன்களுள் ஒன்று. ஆயினும் இந்தியாவின் பழைய எடுத்துக்காட்டை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மும்பை குர்லாவில் ஃபியட் 1100 கார்களைச் செய்துவந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1970களில் அதே காரைப் பிரீமியர் பத்மினி என்று விற்றது. வடிவம் இத்தாலியுடையதாகவே இருந்தது. ஆனால் அந்தப் பெயர்மாற்றம் உற்பத்தி செய்தவரின் பெயரை முகப்புக்குக் கொண்டுவந்தது. பிடதியின் கிராண்ட் விட்டாராவில் நடந்தது அதற்கு நேர் எதிரானது.

ஆகவே கோரிக்கை எளியது. ஒரு பொட்டலப் பண்டத்தின்மேல் அதைச் செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். செய்தவரும் பொட்டலமிட்டவரும் வேறானால் இருவர் பெயரும் வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பண்டங்கள் விதிகள் கேட்கின்றன. பத்து ரூபாய்ப் பண்டத்துக்குப் பொருந்தும் நேர்மை பத்து லட்சம் ரூபாய்ப் பண்டத்துக்கும் பொருந்தும். காரின் அடிச்சட்ட எண்ணில் முதல் மூன்று குறிகள் உற்பத்தியாளரைச் சுட்டுகின்றன. ஆனால் அவை ஆலைக்கும் அலுவலகத்துக்குமான மொழி. உருவாக்கியவர் யார், எந்த ஆலையில் பூட்டப்பட்டது, இதே கார் வேறு எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்ற மூன்று செய்திகளும் விற்பனை ஆவணத்தில் வாங்குபவரின் மொழியில் இடம்பெற வேண்டும். திரும்ப அழைக்கும் அறிவிப்புகளில் இணைக் காரின் பெயரும் சேர்க்கப்பட வேண்டும். இலச்சினையை மாற்ற வேண்டியதில்லை. அதன் நிழலில் உள்ளவற்றைச் சொன்னால் போதும்.

வடிவமைப்பையும் தொழில் வரலாற்றையும் பயிலும் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஓர் இலச்சினையின் ஆய்வு வளைவுகளிலிருந்து தொடங்கட்டும். ஒப்பந்தம், உத்தரவாத அட்டை, தொழிற்சங்கத் தீர்மானம், திரும்ப அழைப்பு அறிவிப்பு ஆகியவற்றையும் கடந்து முடியட்டும். பெங்களூருவிலிருந்து அந்த ஆலைக்குச் செல்லும் தொலைவு அதிகமில்லை. வாயிலில் வெளிவரும் இரு கார்களை அடுத்தடுத்து நிறுத்தி, முகப்பிலுள்ள சின்னங்களைக் கையால் மறைத்துப் பார்த்தால், எந்தச் செய்தியை அவை சொல்லாமல் விட்டன என்பது அங்கேயே விளங்கும்.