இன்னுமொரு அகப்பை



மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் உங்கள் வீட்டு விடயங்களைப் பேசி வந்தேன். இம்மாதம் என் சொந்த வயிற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள். உங்கள் கையிலிருக்கும் அகப்பைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு.

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்த மருமகனுக்கு மாமி செய்யும் மரியாதையெல்லாம் சோற்றில்தான். 2002இல் நான் அந்த வீட்டுப் படியேறியபோது எனக்கு 23 வயது, எடை 66 கிலோ. என் மாமி, “இன்னுமொரு அகப்பை போடட்டா மகன்?” என்று கேட்பார். ஆனால் போட்டுவிட்டுத்தான் கேட்பார்! இறாலும் நண்டும் எருமைத் தயிரும் அந்த வீட்டில் குறைந்த நாளில்லை. போதாததற்கு நான் மௌலவி. வலீமாவா, கத்தமா, குடிபூரலா, எங்கு போனாலும் சஹனில் நல்ல இறைச்சித் துண்டுகள் என் பக்கமே நகர்ந்து வரும். மறுத்தால் மனம் நோகுமே என்று உண்பேன். உண்மையைச் சொன்னால், ருசிக்காகவும் உண்பேன்.

2023இல் என் எடை 128 கிலோ. உயரமோ ஐந்தடி ஆறங்குலம். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி. ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரைத் தொழுகைக்கு வந்துவிட்டேன். இரவில் குறட்டை விட்டபடியே சிலவேளை மூச்சு நின்றுபோகும். என் மனைவி விழித்திருந்து என்னைத் தட்டி எழுப்புவார். இப்படிப் பல வருடங்களாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்பதே எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒருநாள் வகுப்பில், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கைத் தண்ணீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபிமொழியை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் கிதாபைப் பார்க்கவில்லை, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்திருந்தால் கோபித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

உணவைக் குறைக்காமலா இருந்தேன் என்று கேட்பீர்கள். மூன்று முறை குறைத்தேன். பத்துக் கிலோ போனால் பன்னிரண்டு கிலோ திரும்பி வந்தது. எடை மிகக் கூடிய உடம்பு மெலிய மெலிய, பசியைக் கூட்டியும் சக்திச் செலவைக் குறைத்தும் இழந்ததை மீட்கப் பார்க்கும் என்று டொக்டர் விளக்கினார். அவர்தான் இரைப்பைச் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னார். எனக்குப் பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். “வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்ட மௌலவி” என்று ஊர் சொல்லாதா?

அப்போது என் மனைவி ஈமான் அஹ்மதை நினைவூட்டினார். எகிப்தின் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த அந்தச் சகோதரியின் எடை சுமார் 500 கிலோ என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். 2017 பெப்ரவரியில் அவரைச் சரக்கு விமானத்தில் மும்பாய்க்குக் கொண்டுவந்து, ஸைஃபி ஆஸ்பத்திரியில் இதே வகைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு அபூதாபிக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி அங்கே வபாத்தானார். வயது 37. சிறுவயதிலிருந்தே நோயோடு வாழ்ந்த ஒரு பெண்ணை உலகம் வேடிக்கை பார்த்தது. “அவவுக்கு வைத்தியம் பிந்தித்தான் கிடைச்சது. உங்களுக்கு முந்திக் கிடைக்குது. ஊர் சொல்லுறத ஏன் பார்க்கிறீங்க?” என்றார் என் மனைவி. பதில் சொல்ல என்னிடம் ஒரு கிதாபும் இல்லை.

அழகுக்காக உடம்பை மாற்றுவது வேறு, நோய்க்கு மருந்து தேடுவது வேறு. மற்றவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொன்னதுதான் இது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவதை உடல் திணிவுச் சுட்டி என்பார்கள். 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், 35ஐத் தாண்டியவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. எங்களைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. எனக்கோ 45!

2023 செப்டெம்பரில் கொழும்பில் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன் இரண்டு வாரம் மாச்சத்தும் கொழுப்பும் குறைந்த கடும் பத்தியம். ஈரல் சுருங்கினால்தான் டொக்டருக்கு இரைப்பையை அணுக வசதியாம். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்தார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவு. பசியைத் தூண்டும் சுரப்பு பெருமளவு உண்டாகும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் இரத்தம் கட்டி அது நெஞ்சுக்கு ஏறுவதும், தையல் வழியே கசிவதும் இந்தச் சிகிச்சையின் ஆபத்துகள். அபூர்வமாக உயிரும் போகலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். இலேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு குழந்தை வளர்வதைப் போலத்தான் நானும் வளர்ந்தேன். முதலில் தெளிந்த நீராகாரம், அடுத்துப் பாலும் வடித்த சூப்பும், அப்புறம் குழைத்த உணவு. வழமையான சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவும் ஒரு சின்னக் கோப்பை அளவு. மீன், முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் கழிய வேண்டும். விட்டமின்களும் இரும்பும் கல்சியமும் ஆயுள் முழுவதும் தேவை. உறை மாத்திரையின் ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் மாதம் முடி கொட்டியது, பின்னர் முளைத்தது. பெண்கள் இந்தச் சிகிச்சை செய்தால் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை குறையும்போது கரு தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆகவே இதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே டொக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

சகோதரிகளே, இனித்தான் நான் சொல்ல வெட்கப்படும் இடம் வருகிறது.

2024 மார்ச்சில் ரமழான் வந்தது. சிகிச்சை முடிந்து ஆறு மாதம். முதலாவது ஆண்டு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சிறிய வயிறு ஒரே நேரத்தில் தண்ணீரைக் கொள்ளாது. நாள் முழுதும் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையை இருபது வருடமாக நான் பெண்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பகலில் தண்ணீர்ப் போத்தலோடு என்னை மாணவர்கள் பார்ப்பதை நினைக்க என்னால் முடியவில்லை. “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி நோன்பு பிடித்தேன். நான்காம் நாள் அஸருக்கு வுழூச் செய்யப் போன இடத்தில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும்போதுதான் கண் விழித்தேன்.

கட்டிலருகே மாமி இருந்தார். அழுத கண்கள். அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “மகன், பசிச்சவனுக்குச் சோறு போடத்தான் எனக்குத் தெரியும். உங்களைப் போல ஆளை எப்படிப் பார்க்கிற எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரல்லயே.”

அந்தப் பேச்சு என்னைக் கவிழ்த்துவிட்டது. நான் எல்லோருக்கும் பாடம் சொன்னேன். என் வீட்டுச் சமையலறைக்கு என் நோயைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று வாய்திறந்து கேட்கவுமில்லை.

மாமி கற்றுக்கொண்டார். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும் சின்னக் கரண்டி ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தார். இரண்டு மணிக்கொருதரம் தண்ணீர்க் கோப்பை வரும். விருந்து வீடுகளில், “மௌலவிக்குத் தனிப் பீங்கான், கொஞ்சமா போடுங்க” என்று அவரே முந்திச் சொல்லிவிடுவார். மருமகனுக்கு அகப்பையால் அள்ளிப் போட்ட அதே கை, இப்போது கரண்டியால் அளந்து போடுகிறது. அன்பு குறையவில்லை, அளவுதான் குறைந்தது.

அல்ஹம்துலில்லாஹ், இன்று என் எடை 84 கிலோ. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. ஸுஜூதிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன். டொக்டரின் அனுமதியோடு 2025 ரமழானில் நோன்பு பிடித்தேன். விட்ட நோன்புகளையும் கழாச் செய்து முடித்தேன். எல்லாவற்றையும்விட, என் மனைவி இப்போது விடியும்வரை தூங்குகிறார்.

ஆனால் எடை திரும்பி வராது என்று நினைத்துவிடாதீர்கள். வட்டிலாப்பமும் சீனித் தேநீரும் சின்ன வயிற்றுக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சத்திரசிகிச்சை இரைப்பையைத்தான் சுருக்கும், ஊர் வழக்கத்தைச் சுருக்காது. அது உங்கள் கையில்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எடை கூடியவர் யாராவது இருந்தால், தின்னி என்று கேலி செய்யாதீர்கள். அது நோய். சபையில் அவரது உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். “எனக்குப் போதும்” என்று ஒருவர் சொன்னால் முதல் முறையிலேயே நம்புங்கள். டொக்டர் நோன்பை விடச் சொன்னவரிடம், “ஏன் பிடிக்கல்ல?” என்று விசாரிக்காதீர்கள். விருந்தாளியின் பீங்கானுக்கு மேலே உங்கள் அகப்பை போகும்போது ஒரு கணம் நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், சலுகையை வெட்கமின்றி ஏற்கும் பணிவையும் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.