குடும்ப கௌரவமா? குற்றத்திற்குத் திரையா?

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் ஆடு வாங்குகிறவன் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. விற்கிறவன், "நான் பெரிய மனிதன், என் பேச்சை நம்பு" என்றால் யாரும் நம்புவதுமில்லை. இவ்வளவு புத்தியுள்ள மனிதன் வீட்டுக்குள், சொந்தக் குழந்தை "அந்த மாமா என்னிடம் தப்பாக நடந்தார்" என்று வாய் திறந்தால், அந்த வாயை மூடவே முதலில் கை நீட்டுகிறான். காரணம் கேட்டால், குடும்ப கௌரவமாம்!

அப்படி மூடப்பட்ட வாய்கள் வெகுகாலம் கழித்தே திறக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து, ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், சொந்தக் காலில் நின்றபின், பாகப்பிரிவினைக்கோ கருமாதிக்கோ கூடும்போது தங்கை ஒருத்தி பேசத் துணிகிறாள். உடனே கூடப்பிறந்தவர்கள் சொல்வதென்ன? "இத்தனை நாள் கழித்து ஏன்?" "அவருக்கு வயதாகிவிட்டது." "என் மகளுக்கு வரன் பார்க்கிறோமே." பழைய பத்திரத்துக்கு மதிப்பு உண்டாம், பழைய குற்றத்துக்கு விசாரணை கூடாதாம்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

இது எங்கோ ஒரு வீட்டின் கதையென்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. மத்திய சர்க்கார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாகாணங்களில் விசாரிக்கப்பட்ட 12,447 குழந்தைகளில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்பார்கள் என்பது அவைகளுக்குத் தெரியாதா?

காலம் கடந்துவிட்டது என்பதும் பொய். சென்னையில் சிறுவயதில் உறவினர் ஒருவரால் துன்புற்று, பின்னர் கனடாவில் குடியேறிய விஞ்ஞானப் பெண்மணி ஒருவர், பல்லாண்டுகள் கழித்துப் புகார் கொடுக்க வந்தபோது அது ஏற்கப்படவில்லை. அவர் ஓயாமல் கிளர்ச்சி செய்தார். 2018 அக்டோபரில், இத்தகைய குற்றங்களைப் புகார் செய்யக் காலவரம்பு இல்லையென்று மத்திய சட்ட இலாகா தெளிவுபடுத்தியது. 2012 நவம்பர் 14-இல் அமுலுக்கு வந்த போக்சோ சட்டம் அதற்கு முந்திய செயல்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் அவைகளில் கடுந்தண்டனைக்குரியவற்றை அக்காலத்துத் தண்டனைச் சட்டப்படி விசாரிக்கக் காலவரம்பு தடையில்லை.

நிற்க, இதே ஜில்லாவில் பர்கூர் பக்கத்துப் பள்ளியொன்றில் 2024 ஆகஸ்டில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிவோம். செய்ததாகச் சொல்லப்பட்டவனோடு, மறைத்ததாகப் பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதானார்கள். ஊரே அது சரியென்றது. பள்ளிக்கூடம் மறைத்தால் குற்றம், குடும்பம் மறைத்தால் கௌரவமா? தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்கும் போக்சோ சட்டம், வீட்டாருக்கென்று விலக்கு எதுவும் தரவில்லையே!

ஆகவே கூடப்பிறந்தவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தங்கை தனியாகச் சொன்னால் அவளுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுவார்கள். அண்ணனும் அக்காளும் தாங்கள் கண்டதையும் பட்டதையும் சேர்த்துச் சொன்னால் அதுவே சாட்சியாகும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவளின் முடிவு. அவளை நம்புவது உங்கள் கடமை. ஆனால் அந்தப் "பெரியவர்" இன்றும் பேரப்பிள்ளைகள் விளையாடும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098-க்குச் சொல்ல ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

குடும்பத்தைக் கெடுத்தவன் குற்றம் செய்தவனே ஒழிய, அதைச் சொன்னவள் அல்ல. மானம் போயிருந்தால் அது அவன் மானம்; அதை நீங்கள் ஏன் காவல் காக்க வேண்டும்?