ஒரு வெள்ளியின் வாரிசுகள்

தாத்தாவின் 16ஆம் நாள் காரியம் முடிந்த மாலையே, வீடு யாருக்கு என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அப்பாவும் சித்தப்பாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அப்போது எனக்கு வேறொரு சொத்து நினைவுக்கு வந்தது. 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும், அதற்கு நூல்கள் வேண்டும் என்பதே நோக்கம். சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. கொடுத்தவர்கள் யாரும் எனக்கு உறவில்லை. ஆனாலும், இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் ஒவ்வொருவரும் அவர்களின் வாரிசுதானே?

பிள்ளைகளுக்குச் சேர்த்துவைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. பிடிபிடிஎன் கடனோடு பட்டம் வாங்கப்போகும் எனக்கு அந்தத் துணிவும் இல்லை. ஆனால், உயிலில் ஒரு வரியாவது வெளியாருக்கு இருக்கலாம். படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஒரு சிறு தொகை போதும். அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“முதல்ல வீடு யாருக்குன்னு முடிவாகட்டும்” என்றார்.