கேமலின் இறக்கையை அறுக்கும்போது

சாப்வித் கேமல் எஃப் 1 போர்விமானத்தின் இறக்கை விரிவு 28 அடி. அதையே கப்பலுக்கென்று மாற்றிச் செய்த 2எஃப் 1 வகைக்கு 26 அடி 11 அங்குலம். 1/72 அளவு மாடலில் இந்த வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர் சொச்சம். இதற்காக நல்ல இறக்கையை ரம்பத்தால் அறுக்க வேண்டுமா என்றால், அறுக்கத்தான் வேண்டும்.

எங்கே அறுப்பது என்பதுதான் முக்கியம். நுனியைச் சீவிவிடுவது சுலபம். ஆனால் நுனியின் வளைவு போனால் அது கேமலே இல்லை. மேல் இறக்கையின் நடுத்துண்டில்தான் குறைக்க வேண்டும். சாப்வித் நிறுவனம் குறைத்ததும் அங்கேதான். அதைத் தாங்கிய மரக்கால்களும் போய் மெல்லிய எஃகுக் குழாய்கள் வந்தன. ஆகவே எஃப் 1 கிட்டில் வரும் பருத்த கால்களை ஒதுக்கிவிட்டு, பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். கீழ் இறக்கையிலும் அதே அளவு குறைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுங்கள். மேல் இறக்கை தட்டையாகவும் கீழ் இறக்கை மட்டும் நுனி உயர்ந்தும் இருப்பது கேமலின் அடையாளம். அந்தச் சாய்வு கலையக்கூடாது. விமானி இருக்கைக்குப் பின்னால் உடலைச் சுற்றி ஒரு கோடும் கீற வேண்டும். கப்பலில் இடம் போதாமல் வால்பகுதியைத் தனியே கழற்றி வைத்தார்கள்.

துப்பாக்கி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வழக்கமான 2எஃப் 1-இல் மூக்கின் மேல் ஒரு விக்கர்ஸ், மேல் இறக்கை மீது ஒரு லூயிஸ். நான் கட்டச் சொல்வது என் 6812 என்ற ஒரே ஒரு விமானத்தை. அதில் விக்கர்ஸ் கிடையாது. இறக்கை மீது இரண்டு லூயிஸ்.

1918 ஆகஸ்ட் 11. டச்சுக் கரைக்கு அப்பால், ரிடவுட் என்ற நாசகாரிக் கப்பல் ஒரு தட்டைப் படகை வேகமாக இழுத்துப்போனது. அதன் மேல் இந்தக் கேமல். முன்பு இப்படிப் பறக்க முயன்ற சாம்சன் என்ற விமானியின் விமானம் கடலில் கவிழ்ந்து, அவர் உயிர் பிழைத்ததே பெரிது. இந்தக் கேமலின் விமானி ஸ்டூவர்ட் கல்லி சில அடி தூரமே ஓடி எழும்பிவிட்டார். எல் 53 என்ற ஜெப்பலின் பதினெட்டாயிரம் அடிக்கும் மேலே இருந்தது. அந்த உயரத்தில் கேமலுக்கு மூச்சு முட்டும். அதற்குமேல் ஏற முடியாமல், மூக்கை நிமிர்த்திக் கீழிருந்தே சுட்டார். ஒரு லூயிஸ் சில குண்டுகளோடு நின்றுபோனது. மற்றது தன் குண்டுத் தட்டிலிருந்த அத்தனையும் சுட்டுத் தீர்த்தது. ஆகாயக்கப்பல் எரிந்து விழுந்தது. அதற்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில் கடைசியாக வீழ்த்தப்பட்ட ஜெப்பலின் அதுதான். கல்லி தன் படகருகே கடலில் இறங்க, விமானத்தையும் தூக்கியெடுத்தார்கள். இன்று அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இது தெரிந்தபிறகு கிட்டின் இரண்டு விக்கர்ஸையும் அப்படியே ஒட்ட எனக்கு மனம் வராது. இப்போது 2எஃப் 1-ஆகவே வரும் கிட்டும் உண்டு. அதை வாங்கினாலும் துப்பாக்கிகளை மாற்றியாக வேண்டும். லூயிஸின் வட்டத் தட்டுகளை, தகுந்த பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சியிலிருந்து வில்லைகளாக நறுக்கிச் செய்யலாம். இழுவைக் கம்பிகளுக்கு, கிட்டின் சட்டத் துண்டை மெழுகுவர்த்தி மேல் காட்டி இளக்கி இழுத்தால் வரும் மெல்லிழையே போதும். கம்பிகளைக் கடைசியில் கட்டுங்கள். துப்பாக்கிகளைப் பொருத்தி, வண்ணமும் நன்றாகக் காய்ந்த பிறகு.