"கிடைக்கவில்லை" எண்டு எழுதிவிட்டால் முடிஞ்சுதா?

"முழு வடிவம் கிடைக்காத கட்டுரைகள் நீக்கப்பட்டன."

இலக்கிய மீளாய்வு எழுதின எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். முறையியல் பகுதியின் நடுவில ஒற்றை வரியாக வரும். ஒருத்தரும் நிண்டு வாசிக்க மாட்டார்கள். மேற்பார்வை செய்யிற சேரும் கேட்க மாட்டார். "கிடைக்காட்டி விடுங்க தம்பி, எக்ஸ்க்ளூட் எண்டு போட்டுட்டுப் போங்க" எண்டு பல இடங்களில் அவர்களே சொல்லுறதுதான். எனக்கு இந்த வசனத்தோட ஒரு சண்டை இருக்கு.

முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமாட்டிக் ரிவியூ, சும்மா பிடிச்ச பத்துக் கட்டுரையை எடுத்து எழுதுகிற வேலை இல்லை. ஒரு கேள்வியை வைத்து, அதைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும், முன்கூட்டியே சொன்ன விதிகளின்படி தேடிச் சேர்க்க வேண்டும். ஒன்றை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். இடம் வேறு, முறை வேறு, கேள்வி வேறு என்பதெல்லாம் அந்தக் கட்டுரையைப் பற்றிய காரணங்கள். "என்னால எடுக்க முடியேல்ல" என்பது என்னைப் பற்றிய காரணம். அதை எப்படிக் கட்டுரையின் குறையாகக் கணக்கு வைக்கலாம்?

எங்கட வாவியையே எடுப்போம். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம். "மட்டக்களப்பு வாவியின் மீன்வளம் எப்படி மாறியிருக்கு?" என்று ஒருவர் மீளாய்வு செய்கிறார் என்று வைப்போம். கூகிள் ஸ்கொலரில் தேடினால் வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அண்மையில், இணையத்தில் வந்தவை. மற்றவர்களின் உசாத்துணைப் பட்டியலில் பெயர் மட்டும் தெரிகிறவை வேறு: பீட நூலகத்தில் கட்டி வைத்த ஆய்வேடுகள், நாரா நிறுவனத்தினதும் கடற்றொழில் திணைக்களத்தினதும் அறிக்கைகள், பழைய மாநாட்டுத் தொகுப்புகள், தமிழ் மலர்களில் வந்த கட்டுரைகள். பெயர் இருக்கும், கொப்பி இராது.

சீட்டுக் குலுக்கின மாதிரி ஏதோ ஒன்றிரண்டு விடுபட்டால் பெரிய பாதிப்பில்லை. இங்கே விடுபடுவது எப்பவும் ஒரே வகை: பழையது, உள்ளூரது, அச்சில் மட்டும் உள்ளது, தமிழிலோ சிங்களத்திலோ உள்ளது. அதற்குக் காரணமும் இருக்கு. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. நாலு வருசத்தில், 1990 இல், அந்த வளாகமே அகதி முகாம். அந்த ஆண்டு செப்டெம்பர் 5 இல் அங்கிருந்து கொண்டு போகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அப்படியான காலத்தில், அப்படியான இடத்தில் எழுதப்பட்ட ஒரு ஆய்வு பிடிஎப்பாக இணையத்தில் இருக்கும் எண்டு எதிர்பார்க்கிறது யாருடைய பிழை? பிறகு 2004 சுனாமி. கிடைக்காதவற்றைச் சத்தமில்லாமல் வெட்டினால், வாவியின் வரலாறு 2009 க்குப் பிறகுதான் தொடங்குகிற மாதிரி ஆகிவிடும்.

மீன்வள அறிஞர் டானியல் போலி 1995 இல் இதற்கு நெருங்கின ஒரு நோயைச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் தொழிலுக்கு வந்த காலத்தில் இருந்த மீனின் அளவையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அதற்கு முதல் எவ்வளவு போயிற்று என்பது கணக்கிலேயே வராது. தோணிக்காரர் ஒருவர் "முந்தி இப்படி இல்ல மகன்" எண்டு சொன்னால் அது வெறும் கதை. பழைய அறிக்கையில் அதே விசயம் இலக்கமாக இருந்தால் அது ஆதாரம். அந்த அறிக்கையைத்தான் நாங்கள் "கிடைக்கவில்லை" எண்டு வெட்டுகிறோம். நாளைக்கு இறால் பண்ணைக்கு அனுமதி கேட்டு ஒருவர் வருவார். மாரியில் முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது எண்ட வாதம் வரும். மேசையில் இருக்கப் போவது எங்கட மீளாய்வு. "பெரிய வீழ்ச்சி எண்டதுக்கு ஆதாரம் இல்லை" எண்டு அதைக் காட்டியே சொல்லலாம்.

மிகைப்படுத்துகிறேன் எண்டு நினைக்கிறவர்கள் லைபீரியாவைப் பாருங்கள். அந்த நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளில் எபோலாவுக்கான பிறபொருளெதிரி இருக்கிறது, லைபீரியாவையும் எபோலா வலயத்தில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982 இலேயே எழுதியிருந்தார்கள். 2014 இல் நோய் வெடித்தபோது அங்குள்ள சுகாதார அதிகாரிகளுக்கு அது தெரியாது. அந்தக் கட்டுரையைத் தரவிறக்க 45 டொலர். அங்கே ஒரு வைத்தியரின் அரைவாரச் சம்பளம் என்று 2015 இல் அவர்களே எழுதினார்கள். லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் இறந்தார்கள்.

"சை-ஹப் இருக்கே, ஏன் இந்தப் புலம்பல்?" எண்டு கேட்பீர்கள். சை-ஹப் திறப்பது பெரிய பதிப்பகங்களின் பூட்டை. இந்தியா 2025 தொடக்கம் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபா ஒதுக்கி, 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 6,300 நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதும் அதே பூட்டைத்தான். எங்கட பூட்டு திணைக்கள அலுமாரியில் கிடக்கு.

"ஆறு மாசத்தில மாஸ்டர்ஸ் முடிக்கணும், எங்க போய்த் தேடுறது?" நியாயமான கேள்வி. எல்லாத்தையும் கண்டுபிடியுங்கள் எண்டு நான் சொல்லவில்லை. தேடினதையும் தோற்றதையும் நேர்மையாக எழுதச் சொல்கிறேன். இதற்கு விதிகளிலேயே இடம் இருக்கு. பிரிஸ்மா 2020 வரைபடத்தில் 'எடுக்க முடியாதவை'க்கு ஒரு பெட்டி, தகுதி பார்த்து நீக்கியவைக்கு வேறு பெட்டி. இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவது பிழை. கொக்ரேன் மீளாய்வுகளில், தீர்மானிக்கத் தகவல் போதாத ஆய்வுகளை 'வகைப்படுத்தக் காத்திருப்பவை' என்று தனியாக வைக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். எழுதியவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டால் இணை ஆசிரியருக்குப் போடுங்கள். நூலகருக்குக் கடிதம் கொடுங்கள். அரச நிறுவன அறிக்கை என்றால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எப்ப கேட்டீர்கள், என்ன பதில் வந்தது எண்டு குறித்து வையுங்கள். கடைசிவரை கிடைக்காதவற்றை "n = 14" எண்டு இலக்கமாக மட்டும் போடாமல், தலைப்பு, ஆண்டு, இடம் எல்லாத்தோடயும் பின்னிணைப்பில் பட்டியலிடுங்கள். அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை, எங்கட முடிவை அவை மாற்றக்கூடுமா என்று ஒரு பந்தி எழுதுங்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு முழுசா வாசிச்ச மாதிரி மேற்கோள் காட்டாதீர்கள். அது நீக்குவதைவிட மோசம்.

சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கட அறை இறாக்கையில் இருக்கிற ஆய்வேடுகளின் பெயர்ப் பட்டியலையாவது இணையத்தில் போடுங்கள். எழுதியவர் சம்மதித்தால் ஸ்கேன் செய்து கொடுங்கள். 2005 இலிருந்து நூலகம் திட்டம் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கு.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களுக்காக ஒவ்வொரு ஜூனிலும் பதிவு போடுகிறோம். போடத்தான் வேண்டும். எரியாமல் தப்பி, நாலு கட்டை தூரத்தில் பூட்டின அலுமாரியில் கிடக்கிற ஆய்வை, போய்க் கேட்காமலே "நீக்கப்பட்டது" எண்டு எழுதுகிறதும் நாங்கள்தான். அடுத்த முறை அந்த வசனத்தை எழுத முதல், அந்தக் கட்டுரைகளின் பெயரை எழுதுங்க.