ஒரே ஒரு ராத்திரிக்கு ஒரு கவுன்

அமெரிக்காவில் பன்னிரண்டாவது முடிக்கிற சமயத்தில் 'ப்ராம்' என்று ஒன்று நடக்கும். பள்ளிக்கூடமே நடத்துகிற நடன விருந்து. கவுன், செருப்பு, முடி அலங்காரம், நுழைவுச் சீட்டு என்று கூட்டிப் பார்த்தால் சில நூறு டாலர் சுலபமாகக் காலி. வசதியில்லாத வீட்டுப் பெண் என்ன செய்வாள்? "எனக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

இவர்களுக்கு இலவசமாக கவுன் தருவதற்கென்றே அங்கே தொண்டு அமைப்புகள் உண்டு. சிகாகோவில் 1999-ல் தொடங்கிய 'கிளாஸ் ஸ்லிப்பர் ப்ராஜெக்ட்', சான் பிரான்சிஸ்கோவில் 2002-ல் தொடங்கிய 'பிரின்சஸ் ப்ராஜெக்ட்' எல்லாம் அப்படித்தான். ஃப்ளோரிடாவில் ரெபேக்கா கிர்ட்மேன் என்ற பள்ளி மாணவி 250-க்கும் மேற்பட்ட கவுன்களைச் சேகரித்துக் கொடுத்தார். 2003-ல், 16 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். அந்த வேலையைத் தொடர்வதற்காக அவர் பெயரிலேயே உருவானதுதான் 'பெக்காஸ் க்ளாசெட்'.

"ஃபீஸுக்கே வழியில்லாதவளுக்கு ஜிகினா கவுன் எதுக்கு? புத்தகம் வாங்கித் தரலாமே?" என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் காமர்ஸ் படிக்கிறவன் கண்ணோடு பாருங்கள். ஒரு தடவை போட்டுவிட்டு அலமாரியில் தூங்குகிற துணி அது. கொடுப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை, வாங்குபவளுக்கோ பெரிய லாபம். அந்த கவுனைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அது புத்தகமாக மாறிவிடப் போவதில்லை :)

இன்னொன்று. நம் பாடப் புத்தகத்தில் வருகிற ஆடம் ஸ்மித், 1776-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். உயிர் வாழ லினன் சட்டை தேவையில்லை. ஆனால் அது இல்லாமல் வெளியே தலைகாட்ட ஒரு கூலித் தொழிலாளி வெட்கப்படுவான் என்றால், அந்த ஊரில் அது அத்தியாவசியப் பொருள்தான் என்றார். தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாத பிள்ளை தெருவுக்கு வராமல் உள்ளேயே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது அவர்கள் கொடுக்கிற விதம். கடையில் மாதிரி கவுன்களை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். கூடவே ஒரு தன்னார்வலர் வருகிறார். அந்தப் பெண் போட்டுப் பார்த்து, பிடிக்காததை ஒதுக்கி, தானே தேர்ந்தெடுக்கிறாள். "கொடுத்ததை வாங்கிக்கோ" என்கிற பேச்சே இல்லை. இல்லாதவர்களுக்கு நாம் பெரும்பாலும் தராதது இந்த 'வேண்டாம்' சொல்லும் உரிமையைத்தான்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாங்கும் பெண்ணை நிற்கவைத்துப் படம் பிடித்து, விளம்பரத்தில் போடவே கூடாது. யாருக்கும் தெரியாமல் எல்லோரில் ஒருத்தியாக இருக்கத்தானே அவள் வந்தாள்? அந்தப் படம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வதற்குச் சமம்.

விருந்துச் செலவையே பள்ளிகள் குறைக்கட்டும் என்கிறீர்களா? தாராளமாகக் குறைக்கட்டும். ஆனால் அதற்குப் பல வருஷம் ஆகும். இந்த வருஷம் படிப்பை முடிக்கிற பெண்ணுக்கு இருப்பது ஒரே ஒரு ராத்திரிதான்.